ஜாதகம் பொருந்தவில்லை

திருச்செங்கோட்டில் ஒரு திருமணத் தகவல் மையம். ஒன்பது ஆண்டுகளாக அங்கே கணினிமுன் உட்கார்ந்திருப்பவள் நர்மதா. நகலெடுத்த வரிகளையெல்லாம் சேர்த்துவைத்து, ஒரே சொடுக்கில் ஒட்டித் தரும் மென்பொருள் ஒன்று அவளிடம் உண்டு. அதில் முதலில் நின்ற வரி: ‘ஜாதகம் பொருந்தவில்லை.’

பெண் வீட்டார் பலரும், “தோட்டங்காடு பாக்கற மாப்பிள்ளை வேண்டாமுங்க” என்றுதான் சொல்வார்கள். அதை அப்படியே மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப அவளுக்கு மனசு வராது. அதற்குப் பதிலாக அந்த ஜாதக வரியை ஒட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாள். யாருக்கும் வலிக்காது என்று நினைத்தாள்.

ஒரு நாள் மோகனூர் ராமாயி நேரிலேயே வந்துவிட்டார். தோட்டங்காடு பார்க்கும் அவர் மகன் தனபாலுக்கு முப்பத்தெட்டு வயது.

“பதினோரு எடத்துலயும் ஜாதகம் சேரலைன்னே வந்துதுங்களே சாமி. ஏதோ தோசம்னு மூணு கோயில்ல பரிகாரம் பண்ணிட்டோம். இப்ப அவன் கண்ணாலமே வேண்டாங்கறான். தன்னக் கட்டுனா அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமாம்.”

நர்மதாவுக்குத் தன்மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மென்பொருளிலிருந்து அந்த வரியை அழித்தாள். பிறகு தனபாலின் எண்ணுக்கு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்:

‘உங்கள் ஜாதகத்தில் ஒரு குறையும் இல்லை. பதினொன்றும் நான் அனுப்பிய பொய்.’