மூன்றாவது கூட்டத்துக்கு அழைத்தவர்

றஹீம் ஏறாவூரிலிருந்து விடியக் காலை போன் எடுத்தார். எங்கள் பிரதேச சபையில் எழுதுவினைஞராக இருந்தவர். எதையும் சுற்றி வளைத்துச் சொல்லும் மனிதர், அன்று நேரே சொல்லிவிட்டார். "மிஸ், நல்லரெத்தினம் சேர் மௌத்தாயிட்டாரு. நெஞ்சு நோவு எண்டிரிக்காரு. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகக்குள்ளயே முடிஞ்சிட்டாம்."

"சும்மா விசர்க் கதை கதைக்காதீங்க" என்று அவர் மீது பாய்ந்தேன். பாவம், அவர் என்ன செய்வார். போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது.

நல்லரெத்தினம் சேரோடு வேலை செய்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? சபைச் செயலாளராக இருந்த அத்தனை காலமும் நாம் எல்லோரும் அவரைத் திட்டியவர்கள்தானே. ஒரு கடிதத்தில் திகதி இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார். கையெழுத்து கோட்டுக்கு மேலே ஏறியிருந்தாலும் திருப்பி அனுப்புவார். "சட்டப் புத்தகத்துக்குச் சட்டை போட்டுவிட்ட மாதிரி மனுசன் நீங்க" என்று ஒருமுறை முகத்துக்கு நேரே சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கௌரவ உறுப்பினர் சொன்னத கூட்ட அறிக்கையில பதியவா?" என்று கேட்டார். மண்டபத்துக்குள் நான் கௌரவ உறுப்பினர். வாசற்படி தாண்டினால் தங்கச்சி.

நான் உறுப்பினரான கதை பெருமைக்குரியதல்ல. யுத்தம் எங்கள் பக்கத்தில் ஓய்ந்து, சபைக்குத் தேர்தல் வந்தது. பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர் வேண்டும் என்று கட்சிக்காரர் நாவற்குடாவில் என் முன்பள்ளிக்கே வந்து கேட்டார்கள். வேட்புமனுவில் கையெழுத்து வைத்ததும் இன்னொரு தாளை நீட்டினார்கள். "தனிப்பட்ட காரணங்களால் உறுப்பினர் பதவியிலிருந்து விலகுகிறேன்" என்று தட்டச்சு செய்திருந்தது. திகதி போடும் இடம் மட்டும் வெறுமை. "எல்லாரும் வைக்கிறதுதான் அக்கா, ஒரு ஒழுங்குக்கு" என்றார்கள். வெல்லுவதற்கு முன்பே விலகிவிட்ட உறுப்பினர் நான். அந்தத் தாளில் யாராவது ஒரு திகதியை எழுதிச் செயலாளரிடம் பதிந்தால் போதும், என் இடம் வெற்றிடம். அவர் தேர்தல் அலுவலகத்துக்கு அறிவிப்பார், கட்சி பட்டியலிலிருந்து வேறொரு பெயரைக் கொடுக்கும்.

முதல் வருடம் முடிவதற்குள் அந்த நாள் வந்தது. சுனாமியில் வள்ளம் இழந்தவர்களுக்கென்று ஒதுக்கியிருந்த வாவியோரத் துறையை ஒரு ஹோட்டலுக்குக் குத்தகைக்குக் கொடுக்கக் கட்சி பிரேரணை கொண்டுவந்தது. நான் எதிர்த்துக் கை உயர்த்தினேன். ஒரே ஒரு வாக்கால் பிரேரணை தோற்றது. என் வாக்குத்தான் அது என்று எண்ணிப் பார்க்கத் தெரியாதவர்களா அவர்கள்?

மூன்றாம் நாள் இரண்டு பேர் அந்தத் தாளோடு செயலாளரின் அறைக்குப் போனார்கள். அறையில் இருந்த றஹீம்தான் பிறகு எனக்குச் சொன்னார். ஒருவன் இடுப்பில் இருந்ததை எடுத்து மேசையில் வைத்தான். சேர் அதைப் பார்த்தார். "தம்பி, அது வரவுப் புத்தகத்துக்கு மேல இரிக்கி. கொஞ்சம் அங்கால வைங்க" என்றார். பிறகு தாளை வெளிச்சத்தில் பிடித்தார். "கையெழுத்து பழைய மை. திகதி இப்ப என்ட வாசல்ல வச்சு எழுதின மை. விலகிறவங்க நேரில வந்து, எனக்கு முன்னால திகதிய எழுதட்டும். ஆள் வராம நான் வெற்றிடம் எழுத மாட்டன்." தாளைத் திருப்பிக் கொடுத்தார். அவர்கள் போன பிறகு ஒரு செம்பு தண்ணீரை நின்ற நிலையிலேயே குடித்தாராம்.

அன்று மாலையே என் முன்பள்ளிக் கதவில் யாரோ செருப்பு மாலை தொங்கவிட்டார்கள். மறுநாள் ஒரு மோட்டார் சைக்கிள் என் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஓடினேன். ஓம், ஓடினேன், அதற்கு வேறு சொல் இல்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போகவில்லை. அதற்கடுத்த மாதமும் போகவில்லை. லீவு கேட்டு எழுதினேன், கூட்டத்தை நடத்தும் தவிசாளர் அவர்களுடைய ஆள், சபையில் வைக்கவே இல்லை. அனுமதியில்லாமல் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவரின் இடம் தானாகவே போய்விடும். அவர்கள் அதற்குத்தான் காத்திருந்தார்கள்.

அதுவரை எனக்குப் பொறுக்க முடியவில்லை. அக்காவின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்த் திரும்பும்வரை வாசலிலேயே நிற்பேன். ஒருநாள் நானே என் கையால் விலகல் கடிதம் எழுதினேன். திகதியும் போட்டேன். உறையில் போட்டு ஒட்டி மச்சானிடம் கொடுத்தேன். சபைக் காரியாலயத்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். அப்பாடா, விட்டது சனியன் என்று அன்றைக்குத்தான் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டேன்.

ஒரு கிழமையில் சபையிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. "கௌரவ உறுப்பினருக்கு" என்று தொடங்கும் வழமையான கூட்ட அறிவித்தல். கீழே பென்சிலால் சேரின் கையெழுத்து. "இது மூன்றாவது."

எனக்கு வந்த கோபம்! மச்சானைக் கூப்பிட்டு விசாரித்தேன். பெட்டிக்குள் போட்டது சத்தியம் என்று தலையில் அடித்தார். மச்சான் கடிதத்தை எங்கேயோ தொலைத்துவிட்டுப் பொய் சொல்கிறார், சேரோ நான் வராமலே இருந்தாலும் ஏதாவது சட்டம் காட்டி இழுப்பார், அவருக்கு ஆள் நேரில் வரவேண்டும், அவ்வளவுதானே? போய் அவருக்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று புறப்பட்டேன். கேளுங்கள், நான் அன்று போனது வீரத்தோடு அல்ல, விலகுவதற்கு.

பாலத்தில் அவர்களுடைய ஆட்கள் நின்றதால் தோணியில் கடந்தேன். கரையில் இறங்கும்போது முழங்கால்வரை சேறு. மண்டபத்தில் எல்லோரும் இருந்தார்கள். தவிசாளர் கூட்டத்தை முன்கூட்டியே தொடங்கி முடித்துவிடத் துடித்துக்கொண்டிருந்தார். "அறிவித்தல்ல பத்து மணி எண்டிரிக்கி. இன்னும் நாலு நிமிசம்" என்று சேர் சுவர் மணிக்கூட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் நேரே அவர் மேசைக்குப் போய், "சேர், எனக்கு ஒரு வெள்ளைத் தாள் தாங்க" என்றேன். அவர் நிமிரவில்லை. உறுப்பினர்கள் கையெழுத்து வைக்கும் வரவுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "முதல்ல வரவு. மறுகா மத்தக் கதை."

பேனாவை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். பார்வையாளர் வாங்கில் என் இடத்துக்கு வரவேண்டியவர் புது வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பூமாலை. அட பாவிகளா, நான் உயிரோடு நிற்கும்போதே என் நாற்காலிக்கு மாலையா! பயம் எல்லாம் எங்கே போனதோ தெரியாது. கையெழுத்துப் போட்டேன். பத்து மணிக்கு சேர் பெயர்களை வாசித்தார். என் பெயர் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இருக்கிறேன்" என்றேன். தோற்ற பிரேரணையை மறுபடி கொண்டுவரக்கூடிய முதல் கூட்டம் அதுதான், கொண்டுவந்தார்கள், மறுபடியும் ஒரு வாக்கால் தோற்றது.

அடுத்த கிழமை அவருக்கு இடமாற்றம். கதிரவெளிப் பக்கம், தினமும் பஸ் கிடைக்காத இடம். பிரியாவிடைத் தேநீரின்போது, "எனக்காக ஏன் இந்த வம்பு உங்களுக்கு?" என்று கேட்டேன். கோப்பையைக் கீழே வைத்தார். "தங்கச்சி, சுனாமிக்குப் பிறகு எங்கட சுகாதாரத் தொழிலாளி ஒருத்தனக் காணல்ல. மேலிடத்தில அவசரம். நான் அவன்ட இடத்த வெற்றிடம் எண்டு எழுதி வேற ஆளப் போட்டுட்டன். கொஞ்ச நாளால அவன் வந்து நிக்கான். பெண்சாதி பிள்ளையத் தேடி முகாம் முகாமாத் திரிஞ்சிரிக்கான். ஒருத்தரும் கிடைக்கல்ல. 'சேர், வேலைக்கு வந்திரிக்கன்' எண்டான். அவனுக்கு மிஞ்சினது அந்த வேலை மட்டுந்தான். அதையும் என்ட கையாலதான் எழுதிப் போட்டன்."

நான் பதவிக்காலம் நாலு வருடமும் இருந்தேன், அமைச்சர் சபைக்கு நீடித்துக் கொடுத்த காலத்தையும் இருந்து முடித்தேன். துறையில் இன்றைக்கும் வள்ளங்கள் கட்டியிருக்கின்றன.

சேரின் வீட்டில் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து புறப்படும்போது அவருடைய மனைவி ஒரு பழைய கோப்பைக் கொண்டுவந்து தந்தார். "உங்கட பேர் போட்டு அலுமாரிக்குள்ள வச்சிருந்தவர். என்னெண்டு எனக்குத் தெரியா." உள்ளே ஓர் உறை. முகவரி என் கையெழுத்து. மச்சான் பெட்டியில் போட்ட அதே உறை. ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. எத்தனை வருடம் நான் மச்சானைப் பொய்யன் என்று நினைத்தேன்!

உறையின் மூலையில் பென்சிலால் எழுதியிருந்தார். "ஆள் நேரில் வரட்டும்." அதற்குக் கீழே, பேனாவால், "வந்தார்." பக்கத்தில் மூன்றாவது கூட்டத்தின் திகதி.

அது இப்போது என் மேசை லாச்சியில் இருக்கிறது. நானும் அதைத் திறக்கவில்லை.