ராஜாவுக்குப் பழைய அங்கி

எங்கள் நாடகக் கம்பெனி கண்டியில் தங்கியிருந்தபோது, கடைவீதிக்குப் பின்னால் குடியிருந்த ஒரு பெண்மணிதான் எங்களுக்கு உடுப்புத் தைத்துத் தந்தார். மெலிந்த உடம்பு, முந்தானையில் எப்போதும் இரண்டொரு ஊசி குத்தியிருக்கும். தைக்கும்போதே அடிக்கடி எழுந்துபோய், உள்ளே விளையாடும் மகளை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். யாராவது அவசரப்படுத்தினால் அவருக்குக் கை நடுங்கும், மூச்சு வாங்கும். ஆனாலும் முடியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில், அன்றிரவு நாடகத்துக்கு ராஜாவுக்குப் புது அங்கி வேண்டுமென்று முதலாளி என்னைத் துணியோடு அனுப்பினார். அந்தப் பெண்மணி அதை வாங்கிப் பார்த்தார். பிறகு மடித்து என்னிடமே நீட்டினார்.

"முடியாது தம்பி. விளக்கு வச்சப்புறம் இனிமே மெஷின்ல உக்கார மாட்டேன். அது எம் புள்ளைக்குன்னு உள்ள நேரம். எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கிறதப் பாத்து அவளும் பயப்படுறா."

"முதலாளி கோவிச்சுக்குவாரே, அக்கா?"

"கோவிச்சுக்கட்டும். காலையில தாங்க, தச்சுத் தர்றேன்."

முதலாளி கத்தத்தான் செய்தார். ராஜா பழைய அங்கியிலேயே மேடையேறினார்; சபை வழக்கம்போல் கைதட்டியது. அடுத்த நாள் காலை மறுபடி துணியைக் கொண்டுபோனேன்.

"வேற ஆளப் பாத்துட்டாங்களோன்னு நெனச்சேன்" என்றார்.

"இல்லக்கா, ஒங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாரு."

நீளமாக மூச்சு விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

முதலாளியை எதிர்த்து நாங்கள் ஒருவரும் வாய் திறந்ததில்லை. அத்தனை பயந்த மனுஷி முடியாது என்று எப்படிச் சொன்னார் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.