கூரையிலிருந்து விழுந்த ஆஸ்பர்ட்

ஆஸ்பர்ட் பிழைத்தது என் கைராசியால் அல்ல. ஆள் ஒல்லி, விழுந்த இடத்தில் சாணக் குவியல்.

இப்போதைய அரசர் முடிசூடிய நாளில் ஊரூராக மணி அடிக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் தார்ன்லி தேவாலயத்துக் கூரையில் வைக்கோல் வேய்ந்துகொண்டிருந்த ஆஸ்பர்ட்டிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. காதருகே மணி அதிர்ந்ததும் வழுக்கினான். ஞானஸ்நானம் முடிந்து வாசலுக்கு வந்த ஏமிஸ் என்ற பச்சைக்குழந்தைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தான். எங்கள் கன்னியர் மடத்து மருத்துவமனையில் அவன் தொடை எலும்பைச் சேர்த்து மரச்சிம்பு வைத்துக் கட்டினேன். ஏழு வாரம் படுக்கை. கால் குட்டையாகத்தான் கூடியது. அப்புறமும் தடியோடு போய் ஏணி ஏறினான், ஐந்து பிள்ளைகளை வளர்த்தான். நான் திட்டியதெல்லாம் வீண்.

ஏமிஸின் பெற்றோர் காய்ச்சலில் போய்விட்டார்கள். பக்கத்து ஊர்ப் பிரபு ரெய்னால்ட் பாதுகாவலராக வந்து அவர்களுடைய நிலத்தைப் பிடித்துக்கொண்டார். பதினாறு முடிந்தால் நிலம் அவளுடையது. அதற்குள் தன் அண்ணன் மகனுக்கு அவளைக் கட்டிவைக்கத் துடித்தவர், பெண்ணுக்குப் பதினான்குதான் என்று சாதித்தார்.

பிறந்த நாளை எழுதிவைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. பன்னிரண்டு ஆண்கள் சத்தியம் செய்து, தங்களுக்கு நடந்த ஏதாவதொன்றோடு பொருத்தி வயதைச் சொல்ல வேண்டும். பெண்களைக் கேட்க மாட்டார்கள். ஆஸ்பர்ட்டின் காலைக் கட்டிய நான் விசாரணை மண்டபத்தின் பின்வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ராஜா முடிசூடின அன்னிக்குத்தாங்க நான் விழுந்தேன்," என்றான் ஆஸ்பர்ட், அரசரின் அதிகாரியிடம். "அன்னிக்குத்தான் பாப்பாவுக்கு ஞானஸ்நானம். ராஜா ஆட்சிக்கு இது பதினேழாவது வருஷம்."

ரெய்னால்ட் சிரித்தார். "அந்த மணி ராஜா கல்யாணத்துக்கு அடிச்சதுடா, குடிகாரா! அது ரெண்டு வருஷம் கழிச்சு."

மற்ற பதினொரு பேரும் மணியைத்தான் நினைவில் வைத்திருந்தார்கள். எந்த மணி என்று ஒருவருக்கும் உறுதியில்லை. ஏமிஸின் முகம் வெளுத்தது.

ஆஸ்பர்ட் தடியை ஊன்றி எழுந்தான். "ராஜா கல்யாணத்தன்னிக்கு எங்களுக்கு பீர் ஊத்தினது யாருங்க?"

"நான்தான். அதுக்கென்ன இப்போ?"

"நான் குவளையை நீட்டினப்போ, 'முக்காலி வந்துட்டான், வழி விடுங்கடா'ன்னு கத்தினீங்களே! இன்னிவரைக்கும் ஊரு என்னை அப்படித்தான் கூப்பிடுது. காலு அன்னிக்குத்தான் உடைஞ்சதுன்னா, தடி ஊனிக்கிட்டு எப்படிங்க வந்தேன்?"

"ஆமாய்யா!" என்று துள்ளி எழுந்தான் கொல்லன் ஹக். "நான் பக்கத்துலதான் நின்னேன். சிரிச்சு சிரிச்சு என் பீரெல்லாம் சிந்திப்போச்சு!"

மண்டபமே சிரித்தது. மற்றவர்களுக்கும் அந்தக் கூத்து நினைவுக்கு வந்துவிட்டது. பதினாறு முடிந்தது என்று அதிகாரி எழுதச் சொன்னார்.

ஏமிஸ் எழுந்தாள். "பிரபுவே, உங்க அண்ணன் மகனோட குதிரை என் லாயத்துல நிக்குது. மத்தியானத்துக்குள்ள ஓட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

ஆஸ்பர்ட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரையே சுற்றினார்கள். காலைப் பிடித்து மெதுவாக இறக்குங்கள் என்று நான்தான் பின்னாலேயே கத்திக்கொண்டு போக வேண்டியிருந்தது.