கிளப்புக்கு எதிரே ஒரு கடை

பாபநாசத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் நால்வர் கூடுவோம். விளையாடுவதற்கு மலிவாக ஒரு சீட்டுக்கட்டு தேடிக் கடைவீதியில் ஒரு பேன்சி ஸ்டோருக்குள் நுழைந்தோம். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றி நிறைய விபூதி, மழுமழுவென்று வழித்த முகம். பேசும்போது நம்மைப் பார்க்கமாட்டார். எதிர் மாடியிலிருந்த சீட்டாட்டக் கிளப்பின் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“காசு வச்சு ஆடுவீங்களா?”

“இல்லைங்க, சும்மா பொழுதுபோக்குக்குத்தான்.”

உடனே ஒரு கட்டை எடுத்து, வாங்கிய விலைக்கே கொடுத்தார்.

“இதுல உங்களுக்கு என்னங்க லாபம்?” என்று கேட்டேன்.

“எங்கண்ணன் நெலம் பூரா அந்த மாடியிலதான் போச்சு. இப்ப அதே வயல்ல கூலிக்கு வரப்பு வெட்டுறாரு. ஞாயம் கேக்கப் போனேன், கழுத்தப் புடிச்சுத் தள்ளுனான் கிளப்புக்காரன். நீங்கல்லாம் வீட்டுலயே ஆடுங்க தம்பி. அவன் மேசை காலியாவணும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு எங்கள் தெருவிலேயே பல வீடுகளில் அவர் கடைச் சீட்டுக்கட்டுகளைப் பார்த்தேன். சென்ற தை மாதம் கிளப் பூட்டிக் கிடந்தது. மகிழ்ச்சியாக இருப்பார் என்று எண்ணிக் கடைக்குப் போனேன். அவர் சாமான்களை அட்டைப்பெட்டிகளில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

“கடையை மூடுறீங்களா?”

“அவன் கும்பகோணத்துல தொறந்திருக்கான் தம்பி. எதுத்தாப்லயே எனக்கும் ஒரு எடம் கெடச்சிருச்சு.”

அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். கயிற்றை இறுக்கிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

“அவரப் பாத்து ரொம்ப நாளாச்சு தம்பி” என்றார்.