கட்டைவிரலில் எலுமிச்சம்பழம்

நாகலகுப்பம் பஞ்சாயத்து போர்டுக்கு செல்லியம்மாவை மெம்பராக்கியது, அவள் வாய் திறக்கமாட்டாள் என்ற நம்பிக்கையில்தான். இதில் மறைக்க ஒன்றுமில்லை, ஊரே அறிந்த சங்கதி. ஏழு பேர் கொண்ட போர்டில் ஓர் இடம் காலனித் தெருவுக்கு என்று சட்டம் வந்துவிட்டது. அந்த இடத்தில் எவன் வந்து உட்கார்ந்து எதிர்க்கேள்வி கேட்பானோ என்று தலைவர் முனிரத்தினத்துக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், கடலைக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த செல்லியம்மா கண்ணில் பட்டாள். பதினைந்து வருஷமாக அவரிடம் கூலிக்கு வருகிறவள். புருஷன் இல்லாதவள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அவர் கேட்டதில்லை. “இவளையே போட்டுடு” என்றார். போட்டி போட ஆளில்லை. மெம்பராகிவிட்டாள்.

பாவம், தலைவருக்கு ஒரு விஷயம் தெரியாது. செல்லியம்மா பேசாததற்குக் காரணம் பயமுமில்லை, பணிவுமில்லை. வாயில் புகையிலை. காலையில் கன்னத்தில் அடக்கினால் சாயந்திரம் கொல்லையை விட்டுக் கிளம்பும்போதுதான் துப்புவாள். துப்பிய பிறகு அவள் பேசுகிற பேச்சைக் கேட்டவர்கள் காலனித் தெருக்காரர்கள் மட்டும்தான். அந்தத் தெருப்பக்கம் தலைவர் எட்டிப் பார்த்ததே கிடையாது.

போர்டு நடந்த லட்சணத்தையும் சொல்லவேண்டும். மீட்டிங் என்று ஒன்று கூடியதாக யாருக்கும் ஞாபகமில்லை. தலைவர் சொல்வதை குமாஸ்தா ஏகாம்பரம், ஆந்திரா ஆபீஸ் பாஷையான தெலுங்கில், தீர்மானமாக மினிட்டுப் புத்தகத்தில் எழுதுவார். பியூன் சிட்டிபாபு அந்தப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி வருவான். சந்தைக் குத்தகையோ, சாக்கடை அடைப்போ, செத்த மாட்டைப் புதைப்பதோ, எல்லாமே இப்படித்தான் ஏகமனதாக நிறைவேறின. செல்லியம்மாவின் வீட்டுக்கு மட்டும் அவன் போகமாட்டான். வேலை செய்கிற கொல்லைக்கே வருவான். வரப்பில் புத்தகத்தை விரித்துவைத்து, மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, நாலடி தள்ளி நிற்பான். அவள் சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இடது கைக் கட்டைவிரலை அமுக்குவாள். மீட்டிங்குக்கு வந்ததற்கு ஆஜர் போடுகிறார்கள் என்று நினைத்திருந்தாள். மீட்டிங்கே நடக்காத ஊரில் ஆஜர் எதற்கு என்று கேட்க அவளுக்கும் தோன்றவில்லை. அது அவள் தப்பு. பிற்பாடு அவளே நாலு பேர் முன்னால் அதை ஒப்புக்கொண்டாள்.

அவள் ரேகையை எழுத்து வாசனை இல்லாதவன்கூட அடையாளம் சொல்லிவிடுவான். சின்ன வயதில் கேழ்வரகு அறுக்கும்போது அரிவாள் கட்டைவிரலுக்குக் குறுக்கே இறங்கிவிட்டது. மை தொட்டு வைத்தால் நட்ட நடுவில் ஒரு வெள்ளைக் கோடு விழும்.

காலனித் தெருவில் முப்பத்திரண்டு வீடு. ஒரு கிணறு கிடையாது. ஊர்க்கிணற்றில் கயிறு போட விடமாட்டார்கள். பக்கத்துக் கொல்லைக்காரன் மனது வைத்து ஊற்றினால் உண்டு. இல்லையென்றால் காய்ந்த ஏரிக்குள் இறங்கி, ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு குடம் நிரப்பவேண்டும். ஐம்பத்தேழாம் வருஷத்துக் கோடையில் அப்படி இறங்கிய வெங்கடம்மா குடத்தோடு சரிந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். செல்லியம்மாவுக்குப் பக்கத்து வீடு, கூடப் பிறக்காத அக்கா. அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு தெருவே போர்டு ஆபீசுக்கு முன்னால் போய் நின்றது. கிணறு வெட்டிக் கொடு என்று கேட்டது.

ஏகாம்பரம் கெட்ட மனுஷனில்லை, பயந்த மனுஷன். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

“இப்ப வந்து கேட்டா எப்டிம்மா? போன வருசமே தீர்மானம் ஆயிப்போச்சே.” தெலுங்கில் இருந்ததைத் தமிழில் சொல்லிக் காட்டினார்: ஆந்திரா-மெட்ராஸ் எல்லைத் தகராறு தீரும்வரை காலனிக்குப் புதுக் கிணறு வேண்டியதில்லை. இருக்கிற தண்ணீர் வசதியே போதும் என்று அத்தெருவின் மெம்பரும் ஒப்புக்கொள்கிறார். “கீழ பாருங்க. உங்க மெம்பரோட ரேகை.”

வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்தது.

தெரு மொத்தமும் திரும்பி செல்லியம்மாவைப் பார்த்தது. ஒருத்தர்கூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. கட்டிலில் கிடந்த வெங்கடம்மாதான் முனகினாள். “ஏண்டி செல்லி, நீயா போதும்னு சொன்ன?”

செல்லியம்மாவுக்கு உடம்பு கூசிப்போயிற்று. அவள் கையை வைத்தே அவள் தெருவின் கண்ணைக் குத்தியிருக்கிறார்கள். கூச்சம் போன கையோடு கோபம் வந்தது. அன்று உச்சிவெயிலில், போர்டு ஆபீஸ் வாசலிலேயே, புகையிலையைத் துப்பினாள்.

“வெரலு என்னுதுதான். படிச்சிக் காட்டுன்னு கேக்காம வெச்சது என் தப்பு. இனிமே இந்த வெரலு என்னைக் கேக்காம எங்கியும் எறங்காது. எழுதிக்கோ குமாஸ்தா, இதையும் எழுதிக்கோ.”

அவர் எழுதவில்லை.

இரண்டு வாரம் போயிற்று. ஆந்திரா தனி ராஜ்யமாகி நாலு வருஷமாகியும், சித்தூர் ஜில்லாவில் எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் மெட்ராஸ் பக்கம் என்ற இழுபறி ஓயவில்லை. ஊர் ஊராக விசாரிக்கப் பெரிய ஆபீசர் ஒருவர் புத்தூருக்கு வரப்போவதாகச் சேதி வந்தது. முனிரத்தினத்துக்குச் சம்பந்திகள் எல்லாம் திருத்தணிப் பக்கம். நாகலகுப்பம் மெட்ராஸோடுதான் சேரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். புத்தூரில் நாலு பெரிய மனிதர்களிடம், ‘எங்கள் போர்டில் ஏழு பேரும் ஒரே வார்த்தை’ என்று மார்தட்டிவிட்டும் வந்தார். மெட்ராஸோடு சேரவேண்டும் என்று எழுதிய தீர்மானத்தில் ஆறு கையெழுத்து ஒரே காலையில் விழுந்தது. ஏழாவதுக்கு சிட்டிபாபு வரப்புக்கு வந்தான்.

செல்லியம்மா இடது கையை உயர்த்திக் காட்டினாள். கட்டைவிரலில் தொப்பி மாதிரி ஓர் எலுமிச்சம்பழம்.

“நகச்சுத்து, பாபு. தொட்டா உசுரு போவுது.”

மறுநாள் வந்தான். “தலைவரு வலது கை வெரலே போதும்னுட்டாரு.”

வலது கையை நீட்டினாள். அதிலும் எலுமிச்சம்பழம். சிட்டிபாபுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி நின்று இருமினான்.

நகச்சுத்தாவது, மண்ணாவது! பழம் வாடினால் புதுப் பழம் ஏறியது. அந்தக் கையாலேயே களை வெட்டினாள், அடுப்பு மூட்டினாள். ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. ஏகாம்பரம் மெதுவாக ஒரு யோசனை சொன்னார்: சிட்டிபாபுவின் விரலையே வைத்துவிட்டால்?

“நடுவுல கோடு எங்கேர்ந்து கொண்டாருவான்? ஆபீசர் பழைய பக்கத்தைப் பொரட்டினா நம்ம மானம் கப்பலேறிடும்” என்று தலைவர் சீறினார்.

பிறகு அவருக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். செல்லியை யாரும் வேலைக்குக் கூப்பிடக்கூடாது என்று உத்தரவு போட்டார். கடலை பிடுங்குகிற நேரம். ஊரெல்லாம் வேலை, அவளுக்கு மட்டும் இல்லை. அவள் மலையடிவாரத்துக்குப் போய் விறகு வெட்டி, நகரியில் தலைச்சுமையாக விற்றுவிட்டு வந்தாள். எலுமிச்சம்பழம் மட்டும் இறங்கவில்லை.

“வெச்சித் தொலைச்சிடுக்கா. இன்னிக்கி ஒனக்கு, நாளைக்கி எங்களுக்கு. புள்ளைங்க துன்னணுமில்ல?” என்று எதிர்வீட்டு நாகையா வந்து கெஞ்சினான்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. செல்லியம்மா வெங்கடம்மாவின் கட்டிலைப் பார்த்தாள்.

“வெச்சீன்னா என் மூஞ்சில முழிக்காத” என்றாள் வெங்கடம்மா. பேச்சு அதோடு முடிந்தது.

ஆபீசர் வர மூன்று வாரம் இருக்கையில் தலைவரே ஆளனுப்பினார். போர்டு ஆபீசுக்குள் செல்லியம்மா அன்றுதான் முதன்முதலாகக் கால் வைத்தாள். ஆறு மெம்பர்களும் இருந்தார்கள். ஏழாவது நாற்காலி மூலையில் தூசி படிந்து கிடந்தது. அதை இழுத்துப்போட்டு, முந்தானையால் தட்டி, உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. எழுந்திரு என்று சொல்லவும் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

“என்னா செல்லி, மெட்ராஸு வேணாமா ஒனக்கு? தமிழச்சிதானே நீ?” என்றார் தலைவர்.

“தமிழச்சிதான். மெட்ராஸும் வேணாம்னு சொல்லல, ஆந்திராவும் வேணாம்னு சொல்லல. எந்த ராஜ்யத்துல இருந்தாலும் எங்களுக்குத் தொண்டை வறளுது. எல்லை தீந்தாத்தான் கெணறுன்னு எழுதனீங்க. கெணறு வந்தாத்தான் எல்லைன்னு நான் சொல்றேன்.”

“மொதல்ல ரேகைய வை. கெணத்துக்கு நான் வார்த்தை தரேன்.”

“உங்க வார்த்தைய பதினஞ்சி வருசமா கேட்டுக்கினுதான் கீறேன். மொதல்ல தண்ணி, அப்பறம் வெரலு.”

தலைவர் முகம் சிவந்தது. மேசையைத் தட்டினார், எழுந்தார், ஜன்னல் வரை போனார். புத்தூரில் மார்தட்டியது ஞாபகம் வந்திருக்கவேண்டும். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“எழுதுய்யா” என்றார்.

போன வருஷத் தீர்மானம் ரத்து, காலனித் தெருவில் உடனே குடிதண்ணீர்க் கிணறு என்று ஏகாம்பரம் எழுதினார். செல்லியம்மா அதைத் தமிழில் இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஆறு பேரையும் முதலில் கையெழுத்துப் போடவைத்தாள். பிறகு இடது கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைக் கழற்றினாள். விரலில் வீக்கமும் இல்லை, சுத்தும் இல்லை. அழுத்தமாக ஒரு ரேகை. வைத்த கையோடு பழத்தை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

“இன்னும் ஆறல” என்றாள்.

கிணற்றைத் தெருவே வெட்டியது. கெஞ்ச வந்த நாகையாதான் முதல் கடப்பாரை போட்டான். இருபத்தெட்டு அடியில் பாறை தட்டியது. அதை உடைத்து இன்னும் நாலு அடி இறங்கியதும் தண்ணீர் பீறிட்டது. மேலே சுவர் எழும்பி, கொத்தனார் சிமிட்டி பூசிக்கொண்டிருந்த அன்று, ஆபீசர் வர இரண்டே நாள். தலைவர் தாமாகவே காலனித் தெருவுக்கு வந்தார். பின்னால் சிட்டிபாபு புத்தகத்தோடும், தலைவர் பேர் வெட்டிய கல்லோடும்.

செல்லியம்மா முதல் குடத்தை இறைத்து, கட்டிலோடு தூக்கி வந்திருந்த வெங்கடம்மாவுக்கு ஊற்றினாள். வெங்கடம்மா குடித்தாள், மிச்சத்தை முகத்தில் அடித்துக்கொண்டாள், ஓவென்று அழுதாள். செல்லியம்மா இரண்டு விரலிலிருந்தும் பழத்தைக் கழற்றி ஒரு சொம்புத் தண்ணீரில் பிழிந்து தலைவரிடம் நீட்டினாள்.

“வெயில்ல வந்துக்கினு கீறீங்க. குடிங்க.”

“இப்பத்தான் மோர் குடிச்சேன்” என்றார் அவர், சொம்பைப் பார்க்காமல்.

எதிர்பாராத விதமாக ஒரு கை நீண்டது. வரப்பில் நாலடி தள்ளி நிற்கிற சிட்டிபாபுவின் கை. சொம்பை வாங்கி மடமடவென்று குடித்துவிட்டு, தலைவரைப் பார்க்காமல் புத்தகத்தை விரித்தான்.

செல்லியம்மா சொன்ன சொல் தவறாமல் எல்லைத் தீர்மானத்தில் ரேகை வைத்தாள். அது என்ன ஆயிற்று என்று இங்கேயே சொல்லிவிடலாம். ஆபீசர் அதைப் படித்தாரோ இல்லையோ, மூன்று வருஷம் கழித்துக் கோடு விழுந்தபோது நாகலகுப்பம் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. ஏழு பேரின் ஒரே வார்த்தையால் அந்த ஊருக்கு வந்துசேர்ந்தது அந்தக் கிணறு ஒன்றுதான்.

மை காயாத விரலோடு அவள் கிணற்றுப் பக்கம் திரும்பினாள். குனிந்து, ஈரச் சிமிட்டியில் கட்டைவிரலை அமுக்கினாள். குறுக்கே கோடு தெளிவாக விழுந்தது.

“ஏய், என்னா பண்ற? என் கல்லை அங்கதான் பதிக்கணும்” என்று தலைவர் பாய்ந்தார்.

“பதிங்க, யாரு வேணாம்னாங்க? சுத்தி எவ்ளோ எடம் கீது. இது என் எடம். போதும்னு வெச்சதும் இந்த வெரலுதான், வேணும்னு வெச்சதும் இந்த வெரலுதான். தண்ணிக்கி வரவ எல்லாம் பாத்துக்கினு போவட்டும்.”

கொத்தனார் கரணையை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தை விட்டுவிட்டு, மிச்சச் சுவரைப் பூசப் போனார்.