பெரட்டில் நிற்காத எழுத்து

எண்பதுகளின் நடுவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பக்கத்து ஊரான திரிங்காப்புக்கு முட்டைக்கோஸ் ஏற்றப் போன லோரியில், வெறும் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தது. டவுனில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால் அது என் தலையில் விழுந்தது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கொழுந்து பறிக்கும் அவள், தன் மகள் மலை ஏறாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று லைன் வீடுகள் முழுக்கச் சொல்லிவந்தாள்.

அன்றன்று யார் எத்தனை கிலோ பறித்தார்கள் என்று பட்டியல் அடிப்பது என் வேலை. புரோகிராமில் ஒவ்வொரு எண்ணையும் ஓர் எழுத்துக்குள் போட்டு வைக்க வேண்டும். கிலோவை ‘கே’யில் போட்டேன். பாதி வழியில், யார் எந்தக் கங்காணியின் ஆள் என்று காட்டக் கங்காணி நம்பர் தேவைப்பட்டது. இங்கிலீஷில் எழுதினால் கங்காணிக்கும் முதல் எழுத்து கேதானே? போகிற போக்கில் அதையும் அதிலேயே போட்டேன். மகா புத்திசாலி!

முதல் பட்டியலை எடை போடும் கொட்டகையில் ஒட்டிய அரை மணி நேரத்தில் அம்மா கூடையோடு ஆபீசுக்குள் வந்து நின்றாள்.

“அடியே, முப்பத்தெட்டு கிலோ எடுத்தேன். நாலுன்னு போட்டிருக்க! நான் என்ன மலைக்குத் தூங்கவா போனேன்?”

அவளுக்கு மட்டுமல்ல. நாலாம் கங்காணியின் ஆட்கள் அத்தனை பேருக்கும் நாலு கிலோ. இரண்டாம் கங்காணி ஆட்களுக்கு இரண்டு. தோட்டத்து மேனேஜர் துரை சிரிக்கவேயில்லை. “நாளைக்கும் இப்படி வந்தா பொட்டி டவுனுக்குப் போயிரும். நீ மலைக்குப் போலாம் லா,” என்றார்.

புரோகிராமை மேலிருந்து கீழே படித்துப் பார்த்தேன். எந்த எழுத்து எங்கே முளைத்தது என்று எழுதிய எனக்கே தெரியவில்லை. அம்மாவோ போகாமல் கத்திக்கொண்டிருந்தாள். “காலையில பெரட்டுல நின்னு பேர் குடுத்தேனா இல்லையா? கங்காணியக் கேளு!”

பெரட்டு! வேலைக்குப் போகுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அங்கே நிற்காதவருக்கு அன்று மலையில் வேலை இல்லை. என் எழுத்துகளோ கண்ட இடத்தில் புகுந்து வேலை பார்த்தன. எல்லாவற்றையும் இழுத்துவந்து புரோகிராமின் முதல் வரிகளில் நிறுத்தி, நீ யார், எதற்கு வந்தாய் என்று பக்கத்தில் எழுதினேன். ஒரே கே இரண்டு பேரைச் சொல்லிக்கொண்டு வந்து நின்றது, கழுதை! பின்னால் போட்ட கங்காணி நம்பர், முன்னால் இருந்த கிலோவைத் தள்ளிவிட்டு அதில் உட்கார்ந்திருந்தது. கிலோவுக்கு மட்டும் கே என்று வைத்துவிட்டு, கங்காணி நம்பருக்குக் காலியாக இருந்த ‘ஜி’யைக் கொடுத்தேன்.

மறுநாள் அதே பட்டியலைத் திருத்தி அடித்தேன். துரை புரோகிராமின் முதல் வரிகளைப் படித்துவிட்டு, “இது எனக்கே புரியுதே,” என்றார். அப்பாடா, மலை ஏறாமல் தப்பினேன்.

பெருமை தாங்காமல் அம்மாவைக் கொட்டகைக்கு இழுத்துப்போனேன். அவள் பேருக்கு நேரே முப்பத்தெட்டு. அதற்குக் கீழே, பக்கத்து வீட்டு அத்தைக்கு நாற்பத்தொன்று. எடையெல்லாம் கங்காணியின் புத்தகத்துக்குள் கிடந்த காலத்தில், தன்னைவிட யாரும் கூடப் பறித்ததில்லை என்று லைனில் சொல்லிவந்தவள் அம்மா. பட்டியலையே முறைத்துப் பார்த்தாள்.

“நேத்து எங்க எல்லாருக்கும் நாலுதானடி? அதுவே நல்லா இருந்துச்சு லா. அதையே ஒட்டிரு.”