சம்பந்திக்கு அனுப்பிய மோட்டார்

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். மனித முகம் எனக்கு வரையவே வராது. என் அக்காவை எண்ணெய் வர்ணத்தில் எழுதினேன். பார்த்தவர்கள் எல்லோரும், பாவம், தாடை வீக்கம் எப்போது வந்தது என்று விசாரித்தார்கள். அதன் பிறகுதான் துருப்பிடித்த மோட்டாருக்கு மாறினேன். மோட்டார் கண்ணாடி பார்க்காது.

மயிலாப்பூரில் வக்கீல் மாமா வீட்டில் தங்கி ஆபீஸ் போய்க்கொண்டிருந்த காலம். வீட்டுக்குப் பின்னால் வண்டிக் கொட்டகை. ஆளிவிதை எண்ணெய் வாசனை, வௌவால் எச்சம், உதிர்ந்த புளிய இலை... இவற்றுக்கு நடுவே மாமா யுத்தத்துக்கு முன்னால் வாங்கிய மோட்டார் நின்றது. நின்றது என்பதே மரியாதைக்குச் சொல்வது. பின் ஸீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது. கதவில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை.

ஆனால் அந்தத் துரு இருக்கிறதே... ஓரத்தில் முற்றிய வெல்லப்பாகு. நடுவில் வெற்றிலை போட்ட வாய். ஓட்டையைச் சுற்றிப் பழுத்த ஆரஞ்சு. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக உட்கார்ந்து வரைந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் படம் ஒன்று எதைப் பார்த்து வரைந்தேனோ அதைப் போலவே இருந்தது. எழும்பூரில் நடக்கவிருந்த சித்திரக் கண்காட்சிக்கு எடுத்துக்கொள்வதாக வாய்வார்த்தையும் கிடைத்துவிட்டது.

அப்போதுதான் மாமா பிள்ளை சீமாச்சுவுக்குத் திருச்சியிலிருந்து வரன் வந்தது.

மாமா கொட்டகைக்கு வந்தார். "பொண்ணாத்துல மோட்டார் இருக்கான்னு கேட்டிருக்கா. இருக்குன்னு எழுதிட்டேன். பொய்யில்லையே, இதோ இருக்கே."

"சரி மாமா."

"போட்டோ எடுத்தா ஓட்டை தெரியும். நீ வரைஞ்சிண்டிருக்கியே, அதைக் குடு. அனுப்பிடலாம்."

"இதுலயும் ஓட்டை தெரியுமே."

"அதை ஏன்டா போட்டே?"

"இருக்கு, போட்டேன்."

"உங்க அக்காவுக்கு இல்லாத வீக்கத்தைப் போட்டே. வண்டிக்கு இருக்கிற ஓட்டையை விடப்படாதோ?"

வக்கீலுக்குப் பதில் சொல்ல இன்னொரு வக்கீல்தான் வரவேண்டும். நான் படத்தைத் தர மறுத்தேன். மறுநாள் ஆபீஸிலிருந்து திரும்பி வந்தால், கடைகளுக்குப் போர்டு எழுதுகிற காதர் பாய் என் படத்துக்கு முன்னால் என் ஸ்டூலிலேயே உட்கார்ந்து, ஒரு டப்பா கறுப்பு எனாமலைக் கலக்கிக்கொண்டிருக்கிறார். மாமா பக்கத்தில் நிற்கிறார்.

"இன்னா சாமி, வண்டிக்கு அம்மை வார்த்தாப்பல கீது," என்றார் பாய்.

"அது துரு."

"தெரியுது சாமி. நல்லாத்தான் கீது. ஐயரு கறுப்பு அடிக்கச் சொல்றாரு, நான் இன்னா பண்றது?"

மாமாவிடம் எச்சரித்தேன். "எண்ணெய் இன்னும் உள்ளே காயலை. மேலே எனாமல் பூசினா நாளாவட்டத்துல வெடிச்சு, துரு மொத்தமும் வெளியே வந்துடும்."

"கல்யாணத்துக்கப்புறம் வரட்டுமே," என்றார் மாமா.

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் படத்தில் வண்டி பளபளவென்று ஆகிவிட்டது. போதாக்குறைக்கு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் தலைப்பாகை கட்டிய டிரைவர் ஒருவன். அவன் தாடை சரியாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

போகும்போது பாய் பெருந்தன்மையாகச் சொன்னார்: "உங்க பேர் மேல மட்டும் கை வைக்கல சாமி."

அதாவது அத்தனை பெரிய பொய்க்கும் கீழே என் கையெழுத்து. கண்காட்சிக்காரர்களிடம் படத்தைக் கரையான் அரித்துவிட்டதாகச் சொன்னேன். இந்த அக்கிரமம் போதாதென்று, ரயில் பார்சலுக்குக் கோணிச்சாக்கில் வைத்துத் தைக்கிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது. கோணி ஊசியால் கோணல்மாணலாகத் தைத்துக் கொடுத்தேன். கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது.

இப்போது காலம் எவ்வளவோ மாறிவிட்டது. மாம்பலத்தில் ஏரி இருந்த இடத்தில் வீடு கட்டுகிறவன்கூட முதலில் மோட்டார் ஷெட்டுக்குத்தான் கடைக்கால் போடுகிறான். வண்டியில் சின்னக் கீறல் விழுந்தால் அன்றைக்கே பூசிவிடுகிறான். நல்ல துரு ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் நான் எங்கே போவேன்? மாமாவின் வண்டியும் என்றைக்கோ பழைய இரும்போடு போய்விட்டது.

ஆனாலும் இத்தனை வருஷமாக ஒரு நினைப்பு என்னைக் காப்பாற்றி வந்தது. திருச்சியில் ஒரு கூடத்துச் சுவரில் அந்தக் கறுப்பு வெடித்து, என் துரு கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். சம்பந்தி தினமும் அதைப் பார்த்து மாமாவைச் சபித்துக்கொண்டிருப்பார்.

போன மாதம் சீமாச்சு பிள்ளையின் பூணூலுக்குத் திருச்சி போனேன். சம்பந்தி வீட்டுக் கூடத்தில் நாலு சுவரையும் பார்த்தேன். படம் இல்லை. பொறுக்க முடியாமல் சம்பந்தியையே கேட்டேன்.

"மோட்டார் படமா? எந்தப் படம்?" என்று யோசித்தவர், பரணைக் காட்டினார். "ஓ, அந்தச் சாக்கா? ஏதோ கண்ணாடிச் சாமானாக்கும்னு பத்திரமா வெச்சிருக்கோம். ஜாதகம் பொருந்தி நாங்க முடிவு பண்ணினதுக்கப்புறம்னா அது வந்தது."

ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். என் கோணல் தையலில் ஒன்றுகூடப் பிரிந்திருக்கவில்லை.